வாத்தியார் பதில்கள்: கல்லறையில் இல்லாத வரி

போன மாதம் ஒரு பதிலின் நடுவில், திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பாதிரியார் ஜி.யு. போப்பைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். வந்த தபாலில் பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் முழுக்க போப்புக்கே. முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று கேட்ட திண்டுக்கல் பெரியவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அதே வலிதான், தைலம் இன்னும் அகப்படவில்லை.

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பேச்சுப் போட்டியில், 'என் கல்லறையில் இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான் என்று எழுதுங்கள் என்றார் போப்' என்று முடித்தான். நல்ல கைதட்டல். நடுவர்களில் ஒருவர் மட்டும், 'அந்தக் கல்லறையில் அப்படி எழுதியிருக்கிறதா தம்பி?' என்று கேட்டுவிட்டார். பையன் விழித்தான். இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. யார் சொன்னது சரி?
*— ஒரு தாய், விருதுநகர்*

நடுவர் சொன்னதுதான் சரி அம்மா. கல்லறையில் அந்த வரி இல்லை. இதை உங்கள் பையனிடம் சொல்லும்போது, எழுபத்திரண்டு வயது வாத்தியார் ஒருவரும் முப்பத்தொரு வருஷம் அதே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நான் தமிழாசிரியராக இருந்த காலத்தில் வருஷத்துக்கு மூன்று நான்கு பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுப்பேன். பையன் எப்படித் தொடங்கினாலும் முடிவு அந்தக் கல்லறைதான். 'தமிழ்' என்பதற்கும் 'மாணவன்' என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடு, கையை நெஞ்சில் வை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் எங்கே படித்தேன்? எனக்கு ஒரு வாத்தியார் எழுதிக் கொடுத்தார். அவருக்கு யாரோ.

என் மாணவன் ஒருவன் இப்போது இங்கிலாந்தில் வேலையாக இருக்கிறான். ஒன்பதாம் வகுப்பில் அதே பேச்சைப் பேசிப் பித்தளைக் கோப்பை வாங்கியவன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆக்ஸ்போர்டுக்குப் போய், செயின்ட் செபல்கர்ஸ் என்ற பழைய கல்லறைத் தோட்டத்தைத் தேடிப் பிடித்து, வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினான். கீழே ஒரு வரி: 'சார், அந்த வரி இல்ல சார்.'

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். ஜார்ஜ் யுக்ளோ போப் என்ற பெயர்; பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், அங்குள்ள பேலியல் கல்லூரியின் ஆலயக் குரு என்ற விவரம்; 1820 ஏப்ரல் 24-இல் பிறந்ததும் 1908 பிப்ரவரியில் இறந்ததும்; அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்ற செய்தி. அவ்வளவுதான். மாணவனும் இல்லை, உறக்கமும் இல்லை.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் மிகைதான். ஆனால் மோர்ச்சோற்றோடு எழுந்துவிட்டேன் என்பது உண்மை. ராத்திரி மறுபடி அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பெயரை அடுத்து 'ஆஃப் சவுத் இந்தியா' என்று வெட்டியிருக்கிறார்கள். 'தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்.' மனிதர் பிறந்தது கனடாப் பக்கம் பிரின்ஸ் எட்வர்டு தீவில், வளர்ந்தது இங்கிலாந்தின் பிளிமத்தில், செத்தது ஆக்ஸ்போர்டில். கல்லில் ஊர்ப்பெயர் போடுகிற இடத்தில் நம் ஊரைப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் இல்லாத வரியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினோம், இருக்கிற வரியை ஒருவரும் படிக்கவில்லை.

அடுத்த போட்டியில் பையனை இதைச் சொல்லச் சொல்லுங்கள். நெஞ்சில் கை வைக்க வேண்டாம்.

போப் என்றால் ரோமாபுரி போப்பாண்டவரா? என் பேத்தி கேட்கிறாள், எனக்கும் பதில் தெரியவில்லை.
*— ஒரு தாத்தா, ஆரணி*

இல்லை ஐயா. போப் என்பது அவர் அப்பா வழிக் குடும்பப் பெயர், நடுவிலிருக்கும் 'யு' அம்மா வீட்டுப் பெயரான யுக்ளோ. ஆள் கத்தோலிக்கரே இல்லை. முதலில் மெதடிஸ்ட் மிஷனோடு வந்து, பிறகு ஆங்கிலிக்கன் சபையில் குருவானவர்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை 'ஐயர்' என்றுதான் சொல்வோம், அவர் மனைவி 'ஐயரம்மா'. என் அப்பா ஒரு சேகரத்தில், அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டத்தில், உபதேசியாராக இருந்தவர். அவர் வாயில் கடைசிவரை 'போப்பையர்'தான். பள்ளிக்கூடத்துக்கு வந்துதான் 'ஜி.யு. போப்' என்று இன்னொருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இரண்டும் ஒரே ஆள் என்று புரிய ஒரு வருஷம் ஆயிற்று. அதனால் பேத்தியைக் கோபிக்காதீர்கள்.

நானும் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். சாயர்புரத்தில் போப் மாணவர்களைக் கண்டபடி அடிப்பார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நினைவுக் கூட்டங்களில் யாரும் இதைப் பேசுவதில்லை. செத்துப்போனவரைப் பற்றி நல்லதை மட்டும்தான் பேச வேண்டுமா?
*— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, நாசரேத்*

டீச்சர், உங்களுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் கண்டிப்பானவர் என்பது வீட்டுப் பேச்சு மட்டுமில்லை, கூட இருந்தவர்களே பதிந்து வைத்த விஷயம். 1839-இல் பத்தொன்பது வயதில் சென்னையில் வந்து இறங்கினார். 1840-களின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்குப் பக்கம், சாயர் என்ற வணிகர் கிறிஸ்தவர்களைக் குடியேற்ற வாங்கிப் போட்ட நிலத்தில் எழுந்த சாயர்புரத்துக்குப் போனார். அங்கே அவர் நடத்திய செமினாரியில் பனங்காட்டுப் பையன்களுக்கு லத்தீன், கிரேக்கம், எபிரேயம், கணிதம், தத்துவம் எல்லாம் நடந்தது. விடிந்தால் பதநீர் இறக்கும் ஊரில் பையன் லத்தீன் வினைச்சொல்லை ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

அந்த வயதில் அவருக்கு இருந்த சுமையையும் சொல்லிவிட வேண்டும். 1841-இல் கல்யாணம், 1845-இல் தூத்துக்குடியில் மனைவி இறந்துபோனார். அப்போது இவருக்கு இருபத்தைந்து. இது அடித்ததற்குச் சமாதானம் இல்லை. பிரம்பைப் பிடித்த கை எந்த வயதுக் கை என்பதற்காகச் சொல்கிறேன்.

சாயர்புரத்துக்கு அப்புறம் தஞ்சாவூர். அங்கேயும் உரசல். பிறகு ஊட்டிக்குப் போய் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதற்குப் பிறகு பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளி. ஒரு மனிதர் இத்தனை இடம் மாறுகிறார் என்றால் எல்லா இடத்திலும் மாலை போட்டு வழியனுப்பினார்கள் என்று நான் நம்பவில்லை.

இப்போது என் கதை. நானும் அடித்தவன். புளிய விளார்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், நன்னூல் சூத்திரம் வரவில்லை. 'மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி எழுத்து' என்ற வரியைத் தாண்டவே மாட்டான். தாண்டும்வரை விட்டேன். அன்றைக்கு 'அடியாத மாடு படியாது' என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது, அவன் அப்பாவும் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏரலில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். லாரியிலிருந்து தலை நரைத்த ஓர் ஆள் இறங்கி வந்து, 'சார், தெரியுதா?' என்று கேட்டுவிட்டு, டீ கிளாசைக் கையில் பிடித்தபடி 'அதுமுதல் சார்பென இருவகைத் தே' வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் சொன்னான்: 'இன்னைக்கு வரைக்கும் அர்த்தம் தெரியாது சார்.' டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

அதனால் டீச்சர், நினைவுக் கூட்டத்தில் இதையும் பேசலாம், பேச வேண்டும். அடித்தார் என்று சொல்வதால் திருவாசகத்தை மொழிபெயர்த்த கை இல்லாமல் போய்விடாது. இரண்டும் ஒரே கை.

ஒன்று கவனித்தீர்களா? இந்த மனிதர் பிள்ளைகளுக்காக எழுதிய இலக்கணப் புத்தகம் முழுக்க வினா-விடையாக இருக்கும். எழுத்து என்றால் என்ன, அது எத்தனை வகை என்று ஒரு கேள்வி, கீழே ஒரு பதில். சபைகளில் ஞானோபதேச வினா-விடை நடத்துகிற அதே முறை. சூத்திரத்தை மனப்பாடம் பண்ணத் திணறும் பிள்ளையை நினைத்துத்தானே ஒருவருக்கு இப்படி எழுதத் தோன்றும்? பிரம்பு வேலைக்கு ஆகாது என்று அவருக்கே எங்கோ புரிந்திருக்கிறது என்பது என் எண்ணம். எனக்குப் புரிய லாரி வர வேண்டியிருந்தது.

போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பைப் படித்தேன். ஆங்கிலம் பழசாக, சுற்றி வளைத்து இருக்கிறது. இதற்கா இவ்வளவு புகழ்?
*— முதுகலை மாணவர், கோவை*

பழசுதான் தம்பி, 1886-இல் வந்த புத்தகம். 'அகர முதல' குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவருக்கு ஏழே சீர். போப்புக்குப் பத்தொன்பது சொல். முதல் அடி 'மெயின்டெயின்ஸ்' என்று முடிந்துவிட்டதால் இரண்டாவது அடிக்கு 'டொமெயின்ஸ்' தேவைப்படுகிறது. 'உலகு' என்று வள்ளுவர் சும்மா விட்ட இடத்தில் இவர் 'உலகத்தின் ஆட்சிப்பரப்பெங்கும்' என்று நீட்ட வேண்டியதாகிறது. இயைபுக்காகச் சதை போட்ட குறள். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், வகுப்பில் பொருள் சொல்ல இது உதவாது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவருக்கு முன்னால் குறளைத் தொட்ட பாதிரிமாரில் சிலர் பாதியில் நின்றவர்கள். வீரமாமுனிவர் லத்தீனில் அறத்தையும் பொருளையும் செய்தார், இன்பத்தைத் தொடவில்லை. ட்ரூ ஐயர் ஆங்கில உரைநடையில் அறுபத்துமூன்று அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டார். காமத்துப்பால் குருமார் கைக்கு ஒத்துவராது என்று ஓர் எண்ணம். போப் 1,330 குறளையும் செய்தார், அதுவும் செய்யுளாகவே. அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது, அங்கி போட்ட குரு. 'ஊடுதல் காமத்திற்கு இன்பம்' என்பதற்கு இங்கிலீஷில் இயைபு தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழட்டுப் பாதிரியாரை நினைத்துப் பாருங்கள். எனக்கு அவர்மேல் பிரியம் வருவது அந்த இடத்தில்தான்.

எல்லாமே வளவளப்பு என்றும் சொல்ல முடியாது. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்பதற்கு அவர் போட்டது: 'டு அஸ் ஆல் டவுன்ஸ் ஆர் ஒன், ஆல் மென் அவர் கின்.' சுவரில், மேடையில், அழைப்பிதழில் இன்றைக்கும் இதைத்தான் போடுகிறார்கள். கீழே யார் பெயரும் இருக்காது.

வள்ளுவர் கிறிஸ்தவர்களிடம் கற்றுக்கொண்டுதான் குறள் எழுதினார் என்று போப் சொன்னாராமே? அப்படிச் சொன்னவருக்கு நாம் ஏன் சிலை வைத்தோம்?
*— ஒரு வாசகர், சென்னை-4*

சொன்னார். குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையிலேயே இருக்கிறது. மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறிஸ்தவப் போதகர்களோடு உலாவி, அவர்கள் கருத்துகளைக் கேட்டு உள்வாங்கிக்கொண்டதாகக் கற்பனை செய்ய நமக்கு இடமுண்டு என்ற தோரணையில் எழுதியிருக்கிறார். அதற்குத் தோதாக வள்ளுவர் காலத்தையும் கி.பி. 800-க்கும் 1000-க்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தார். ஆதாரம் என்று எதுவும் இல்லை. 'கற்பனை செய்ய' என்பது அவர் சொல்தான், கற்பனையாகவே நின்றுவிட்டது. இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் யாரும் அதைத் தூக்கிப் பிடிப்பதில்லை.

தன் மதத்தின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்த மனிதர், குறள் பிடித்துப் போனதும் 'இவ்வளவு நல்லது நம்மாளிடமிருந்துதானே வந்திருக்கும்' என்று நினைத்துவிட்டார். நாமும் செய்கிற காரியம்தான். வேறு ஊரில் நல்ல சாம்பார் சாப்பிட்டால் 'மாஸ்டர் எந்த ஊர்?' என்று கேட்கிறோமா இல்லையா?

சிலை 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது. மெரினாவில் வள்ளுவர், கம்பர், ஔவையார், பாரதி, கால்டுவெல், வீரமாமுனிவர் வரிசையில் இவரும். நீங்கள் சென்னை-4 என்று போட்டிருக்கிறீர்கள், சாயங்காலம் காலாற நடந்தே பார்த்துவிடலாம். வள்ளுவரைக் கடற்கரையில் உலாவ விட்டவரை அதே கடற்கரையில் நிரந்தரமாக நிறுத்தியாகிவிட்டது. அவருக்கு அது போதும்.

முப்பத்தாறு வருஷம் மாநில அரசு வேலை. போன மே மாதம் ஓய்வு. காலையில் எழுந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. போப்பைப் பற்றி எழுதியபோது 'ஓய்வுக்குப் பிறகுதான் அவர் வேலையே தொடங்கியது' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை விரித்து எழுத முடியுமா?
*— ஒரு வாசகர், பெரம்பலூர்*

முடியும். இதற்காகத்தான் மற்றக் கேள்விகளைச் சீக்கிரம் முடித்தேன்.

நாற்பது வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் பள்ளிக்கூடம், சபை என்று ஓடிவிட்டு, 1880-களின் தொடக்கத்தில் அவர் கப்பலேறினார். அறுபதைத் தாண்டிய வயது. அந்தக் காலக் கணக்கில் பென்ஷன் வாங்கிக்கொண்டு தோட்டத்தில் ரோஜா வளர்க்க வேண்டியவர். அதுவரை அவர் எழுதியவை பெரும்பாலும் பாடப் புத்தகங்கள்: இலக்கணம், தமிழ் கற்பவர்களுக்கான கைநூல், அந்த வகை.

1884-இல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. வயது அறுபத்துநான்கு. சென்னை மாகாணத்துக்கு ஐ.சி.எஸ். அதிகாரிகளாகக் கிளம்பப் போகும் இருபது வயதுப் பையன்கள்தான் மாணவர்கள். 'ழ' வராத நாக்குகளோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். இந்தத் தடவை பிரம்பு இருந்திருக்காது.

அப்புறம் நடந்ததை வயதோடு சேர்த்துப் பாருங்கள். அறுபத்தாறில் திருக்குறள். எழுபத்துமூன்றில், 1893-இல், நாலடியார். மூலம், மொழிபெயர்ப்பு, குறிப்பு, சொல்லடைவு எல்லாம் சேர்த்து. 1896-இல் விரிவுரையாளர் வேலையும் முடிந்தது, அதாவது இரண்டாவது ஓய்வு. எண்பதில் திருவாசகம். எண்பத்தாறில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் தங்கப் பதக்கம். எண்பத்தெட்டு தொடச் சில வாரம் இருக்கும்போது இறந்தார்.

இந்தத் திருவாசகப் புத்தகத்தின் முன்னுரையில் ஒரு காட்சி இருக்கிறது. அவரே எழுதியது. வேலை வெறும் யோசனையாக இருந்த காலம். பேலியல் கல்லூரியில் மாலை ஜெபம் முடிந்து, கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டும் இவரும் முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஜோவெட் என்றால் பிளேட்டோவை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர், சாதாரண ஆள் இல்லை. பேச்சு தமிழ்க் கதைகள், பாட்டு, தத்துவம் என்று போகிறது. நடுவில் ஒரு மௌனம். ஜோவெட் தனக்கே உரிய வெடுக்கென்ற குரலில், 'இதை நீங்கள் அச்சில் கொண்டுவர வேண்டும்' என்கிறார். போப், 'எனக்கென்ன சாகா வரமா எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இது நாள் பிடிக்கும் வேலை' என்கிற மாதிரிப் பதில் சொல்கிறார். ஜோவெட் திரும்புகிறார். நிலா வெளிச்சம் அவருடைய வெள்ளைத் தலைமுடியில் விழுகிறது. போப்பின் தோளில் கை வைத்து, 'பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி. முடிக்கும்வரை இருப்பீர்கள்' என்கிறார்.

போப் இதை எழுதுகிறபோது ஜோவெட் இல்லை, 1893-லேயே போய்விட்டார். களைத்துப் போகும்போதெல்லாம் அந்தச் சொல் நினைவுக்கு வந்து தாங்கியது என்கிறார். முன்னுரைக்கு அவர் போட்ட தேதி 1900 ஏப்ரல் 24, அவருடைய எண்பதாவது பிறந்தநாள். அதையும் சொல்லிவிட்டு, பழைய குறிப்பைப் பார்த்ததில் தன் முதல் தமிழ்ப் பாடம் 1837-இல் நடந்தது என்று தெரிகிறதாக எழுதுகிறார். அறுபத்துமூன்று வருஷம். கப்பலேறுவதற்கு முன்னாலேயே, பதினேழு வயதில் எடுத்த முதல் பாடத்தின் கணக்கை எண்பதாவது பிறந்தநாளில் தேடிப் பார்க்கிற ஆள், கல்லறையில் போடாவிட்டால் என்ன, மாணவன்தான்.

உங்கள் காலை நேரத்துக்கு வருவோம். திருவாசகம் மொழிபெயர்க்கச் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதம் நாலு பக்கம், ஊர்க் கணக்கு, புறம்போக்கு, கண்மாய் என்று என்னென்னவோ வந்தது. நான் அச்சில் வெட்டிவிட்டேன். பெரம்பலூர்ப் பக்கத்து ஏரி, மடை, வாய்க்கால் பெயர்கள் உங்களுக்குத் தெரிகிற மாதிரி இப்போது ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் தெரியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒரு ஏரியிலிருந்து தொடங்குங்கள். சர்க்கரை மாத்திரையையும் நேரத்துக்குப் போடுங்கள். அதைக் கடிதத்தின் ஓரத்தில் உங்கள் வீட்டம்மா எழுதியிருந்தார்கள், நீங்கள் பார்த்தீர்களோ என்னவோ.

போப்பையரின் நினைவாக என்னென்ன இடங்கள் இருக்கின்றன? விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம்.
*— ஒரு குடும்பம், ஈரோடு*

ஊட்டி உங்களுக்குப் பக்கம். அங்கே அவர் ஊழியம் செய்த ஹோலி ட்ரினிட்டி ஆலயம் இருக்கிறது. பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளி, ஆல் செயின்ட்ஸ் ஆலயம். தெற்கே வந்தால் சாயர்புரம். அவர் பெயரில் கல்லூரியும் இருக்கிறது. ஊரில் இறங்கி 'போப் சிலை எங்கே, கல்வெட்டு எங்கே' என்று மட்டும் தேடிவிட்டுத் திரும்பாதீர்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தெருவில் நின்று பாருங்கள். மே மாதம் மட்டும் வேண்டாம், வெயிலில் பிள்ளைகள் துவண்டுவிடும்.

ஆக்ஸ்போர்டு போகிற வசதி இருந்தால் போங்கள். எனக்கு இல்லை, அதனால் என் மாணவனைத்தான் நம்பியிருக்கிறேன். இந்தப் பதிலுக்காகப் பழைய படங்களை மறுபடி புரட்டியபோது ஒன்று ஞாபகம் வந்தது. நிலா வெளிச்சத்தில் தோளில் கை வைத்த ஜோவெட்டும் அதே செயின்ட் செபல்கர்ஸ் தோட்டத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். இரண்டு கல்லுக்கும் நடுவில் எத்தனை அடி தூரம் என்று நடந்து பார்த்துச் சொல்லும்படி நேற்று ராத்திரி அவனுக்கு எழுதினேன். விடிகாலை பதில் வந்திருந்தது: 'இங்க மழை சார். நின்னதும் போறேன்.'